நீலத்தில் நனைந்த கொக்குகள்

ஏழு கடலுக்கு அப்பால் சாயத் தொட்டிகளை அரசாளும் மகாராணி, எங்கள் வீட்டுச் சுண்டெலி அவர்களுக்கு,

பழுதான தையல் மெஷின்களெல்லாம் பெயரைக் கேட்டாலே எழுந்து ஓடும் உன் சித்தப்பா எழுதிக்கொண்டது. இங்கே மூன்று பேரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் நீங்கலாக மற்றதெல்லாம் நலம், உன் சித்திக்கு நான் நீங்கலாக மற்றதெல்லாம் நலம், எனக்குத் தொப்பை மட்டும் தேவைக்கு மேல் நலம். நீயும் உன் கூட்டாளிப் பெண்ணும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, அந்தத் தகரக் கொட்டகையில் குளிர் அடிக்கிறதா, கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டியில் கை விடுகிறாயா என்று இங்கே தினமும் மூன்று நீதிபதிகள் கூடி விசாரணை நடத்துகிறோம். குற்றவாளி வராததால் வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று கண்ணாலேயே என் வாயைத் தைத்துவிடுவார். அதோடு இந்த உறைக்குள் உனக்குக் காட்ட வேண்டிய சாமான் ஒன்று இருக்கிறது, அதைப் போனில் அனுப்ப முடியாது. ஆகவே நிதானமாக உட்கார்ந்து படி. நீ துணியோடு வைத்து அனுப்பிய சீட்டு எனக்கு மனப்பாடம். ஹோட்டல்காரர்கள் அத்தனை அறைக்கும் உன் நீலத்திலேயே போர்வை கேட்கிறார்கள், வெள்ளை விரிப்புக்கு மேலே போட, மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்லியாக வேண்டும், அதற்கு முன்னால் வீட்டில் துவைக்கிற மாதிரி துவைத்துப் பார்த்து, சாயம் நிற்கிறதா ஓடுகிறதா என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள் சித்தப்பா, ஓடினால் நான் இதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுப் பழைய ஆபீஸுக்கே போய்விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உலகத்தில் இத்தனை யோக்கியர்கள் இருக்க, உள்ளதை உள்ளபடி சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தாயே, உன் துணிச்சலை என்னவென்று சொல்வது.

துணி வந்த அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். பார்சலைப் பிரித்ததும் கூடத்தில் இருந்த விளக்கு வெட்கப்பட்டு அணைந்துவிட்டது. சரி, அணையவில்லை, கொஞ்சம் மங்கியது. அப்படி ஒரு நீலம். மடிப்பில் ஒரு நீலம், விரித்தால் ஒரு நீலம், ஜன்னலருகே கொண்டுபோனால் அதற்குள்ளிருந்து இன்னொரு நீலம் எட்டிப் பார்த்தது. உன் சித்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவள், துடைத்துக்கொண்டே நின்றாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. பிறகு பீரோவைத் திறந்து மேல்தட்டிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். உனக்குத் தெரியுமே, பால் ஆடை மாதிரி கனமாக, விரல் பட்டால் வழுக்குகிற வெள்ளை, நீ ஸ்கூல் போகிற காலத்திலிருந்து அங்கேயே கொலுவிருந்தது. எத்தனை பேர் கேட்டார்கள், மாடியில் குடியிருக்கும் டீச்சர் கேட்டார், கல்யாண கவுனுக்கு என்று நகைக்கடைக்காரர் மகள் கேட்டாள், அரேபியச் சக்கரவர்த்தி ஆள் அனுப்பினார், யாருக்கும் கிடைக்கவில்லை. இதுக்கு ஜோடி இன்னும் வரல என்பதே எல்லாருக்கும் பதில். அன்றைக்கு ஜோடி வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கத்தரிக்கோல் அதற்குள் ஓடிவிட்டது.

நான் உன் சீட்டை நீட்டி, துவைச்சுப் பாருங்கன்னு புள்ள எழுதியிருக்கா என்றேன். இதை நான் சொல்லவே தேவையில்லை, யார் துணி கொண்டுவந்தாலும் முதலில் வாளி, பிறகுதான் மேஜை என்பது இந்த வீட்டுச் சட்டம், அவள் போட்ட சட்டம்தான். சுருங்குகிற துணி தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கட்டும், ஓடுகிற சாயம் முன்னாலேயே ஓடட்டும் என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என் புள்ள போட்ட சாயம். அதைப் போய்ச் சந்தேகப்பட்டுத் தண்ணியில முக்குவாங்களா?" என்றாள். தைத்து முடித்துத் துவைத்தால் அதுவும் சோதனைதானே என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். நானும் விட்டுவிட்டேன். அவள் கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது நான் பெரும்பாலும் சமாதானப் பிரியன்.

அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு போர்வை பிறந்தது. நீலத்தையும் வெள்ளையையும் முக்கோணமாக வெட்டி, வெள்ளை முக்கோணமெல்லாம் ஒரே திசையில் மூக்கை நீட்டுகிற மாதிரி கோத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நீல வானத்தில் கொக்குக் கூட்டம் வரிசை வரிசையாகப் போகும். உள்ளே பஞ்சு அடுக்கு, அடியில் பழைய பருத்தித் துணி, மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு கொக்கையும் சுற்றி ஓட்டுத் தையல், மெஷினில் இல்லை, கையால். மெஷினுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்த என்னை இரண்டாவது நாளே பதவிநீக்கம் செய்து ஊசியில் நூல் கோக்கிற உத்தியோகம் கொடுத்தாள். நான் கோத்த நூலை நீட்டிப் போட்டால் நிலாவைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு மிச்சத்தில் பொத்தான் தைக்கலாம். உன் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து மேற்பார்வை. கைநிறைய சம்பளத்தை விட்டுட்டுச் சாயத் தொட்டியில போய் விழுந்துட்டாளே என்று உன்னை முன்பு கரித்துக்கொட்டிய அதே அம்மாதான், டீச்சர் வந்து போர்வையைத் தொட்டபோது, பார்த்துத் தொடுங்க, எம் பொண்ணு கலர் அது என்றார். நான் என் காதைத் திருகிப் பார்த்துக்கொண்டேன்.

இனி வருவதைக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. போர்வை முடிந்த மறுநாள் காலையில் பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூள் கரைத்து, நானும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். தண்ணீர் அந்த நிமிஷமே கறுத்தது. நாட்டிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரு வருஷத்துக்கு வேண்டிய மை எங்கள் குளியலறையில் இருந்தது. டப் நீலம், தரை நீலம், என் முழங்கை வரை நீலம், அந்தப் பக்கம் போன பூனைக்குக்கூட ஒரு கால் நீலம். இதில் பாதியை வழக்கம்போலத் தள்ளிவிடு. ஆனால் ஒன்றைத் தள்ளாதே. கொக்குகள் வெள்ளையாக இல்லை. ஓரத்திலிருந்து உள்ளே ஊறி, சில முழுசாக, சில பாதியாக, திட்டுத் திட்டாக நீலமாகிவிட்டன. இதில் மிகையே இல்லை சுண்டெலி. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உன் சாயம் ஓடியது.

சித்தி போர்வையைக் கொடியில் போட்டு நான்கு மூலையிலும் கிளிப் மாட்டி, சுருக்கத்தை நீவிவிட்டு, டீச்சர் வீட்டுத் திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க உள்ளே போனாள். நான் வாசலில் ஒரு பழைய மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிநூல் சுற்றிய பாபினில் நூல் தீர்ந்துபோனால் மெஷினுக்கு ஒரு சத்தம் வரும், வெறும் வாயை மெல்லுகிற மாதிரி, அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தச் சத்தம் உள்ளிருந்து வந்தது. நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. நூல் இல்லாத மெஷினை அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போகவில்லை, என்ன வேடிக்கை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புள்ளைக்கு இதை எழுதக் கூடாது தம்பி, மனசு ஒடஞ்சுடுவா என்றார். நான், அவ பழைய வேலைக்குப் போகணும்னு ஆசைப்பட்டதே நீங்கதானே அண்ணி என்றேன். "தோத்துப்போய் போறதுக்கா ஆசைப்பட்டேன்?" என்று ஒரு போடு போட்டார். பிறகு குரலைத் தணித்து, "பொய் சொல்றதுல உங்கள மிஞ்ச ஆள் உண்டா தம்பி? இத்தன வருஷமா சும்மா வீணடிச்சீங்களே, ஒரே ஒரு தடவ குடும்பத்துக்கு உபயோகமா ஒரு பொய் எழுதுங்க" என்றார். இப்படி ஒரு பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். சாயம் கல்வெட்டு மாதிரி நிற்கிறது என்று ஆரம்பித்தேன், கிழித்தேன். அலையில் அடித்தாலும் அசையாது என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். என் கைக்கு என்ன வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் புரிந்தது. நான் திமிங்கிலத்தைத் தூண்டிலில் பிடித்ததையும், மேகத்தில் செருப்பைத் தொலைத்ததையும் நீ சின்ன வயசில்கூட நம்பியதே இல்லை, சும்மாப் போங்க சித்தப்பா என்று சிரிப்பாய். நம்பமாட்டாய் என்ற தைரியத்தில்தான் அத்தனையும் அளந்தேன். இந்தத் தடவை நீ நம்பிவிடுவாய். நம்பி ஹோட்டல்காரருக்குச் சரி சொல்வாய், அவருடைய வெள்ளை விரிப்பெல்லாம் எங்கள் கொக்குகள் மாதிரி ஆகும். நம்பப்போகிறவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

எழுதிட்டீங்களா என்று உன் அம்மா தினம் கேட்பார், எழுதிக்கிட்டே இருக்கேன் அண்ணி, பெரிய பொய், நேரம் எடுக்கும் என்பேன். இதற்கு நடுவில் குளியலறையில் வேறொரு கூத்து. காலையும் மாலையும் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முழங்காலுக்கு வெந்நீர் ஊற்றுகிறார் என்று நானும் சித்தியும் நினைத்தோம். ஒருநாள் காபி கொண்டுவந்து கொடுத்தபோது பார்த்தேன், நகக்கண் பத்தும் நீலம். என்ன அண்ணி இது, கையெல்லாம் வானமா இருக்கு என்றேன். காபியை வைத்துவிட்டு முந்தானைக்குள் கையை மறைத்தார். நான் விடுவேனா. கடைசியில் கூட்டிப்போய்க் காட்டினார். வெட்டியது போக மிஞ்சிய உன் நீலத் துண்டு வாளியில் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர், ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு வெள்ளைக் கைக்குட்டை, அந்த முழங்காலோடு குனிந்து உட்கார்ந்து அலசிக்கொண்டே இருந்திருக்கிறார். எதுக்கு இந்தப் பாடு என்றேன். "நீங்க எழுதப்போறது பொய்யா இருக்கக் கூடாதுல்ல தம்பி" என்றார்.

முதல் கைக்குட்டை அடர் நீலம். அடுத்தடுத்தவை வெளுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. நான் பார்த்த அன்று வாளித் தண்ணீரில் அடியிலிருந்த கீறல்வரை தெரிந்தது, கைக்குட்டை போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. துணியைப் பிழிந்து ஜன்னலில் விரித்தோம். மேலே ஒட்டிக்கொண்டிருந்த அதிகப்படியெல்லாம் போய், நூலுக்குள் குடியேறியது மட்டும் அசையாமல் இருந்தது. முதல் நாள் பார்த்ததைவிடக் கொஞ்சம் மெலிசு, அதைவிட அழகு. இதிலும் மிகையில்லை. உன் நீலத்தில் குற்றமில்லை என்றுதான் எங்கள் மூன்று பேருக்கும் படுகிறது, அலசி முடிவதற்குள் எடுத்துவிட்டாய், சீக்கிரம் எங்களுக்குக் காட்ட வேண்டுமென்று அவசரப்பட்டிருப்பாய். சித்தி வெட்டுவதற்கு அவசரப்பட்ட மாதிரி. தொழில் உன்னுடையது, காரணத்தை நீ பார்த்துக்கொள், நாங்கள் கண்டதை மட்டும் சொல்கிறோம். ஹோட்டல்காரரிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேள், தண்ணீர் தெளிகிறவரை அலசு, கொடுக்காவிட்டால் போகட்டும், உலகத்தில் கட்டில்கள் ஏராளம். மூட்டை கட்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசி, ஓடிய சாயத்தை மட்டும் வைத்து முடிவு பண்ணாதே.

உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போனார். பிறகு அந்தக் கடைசிக் கைக்குட்டையை மடித்துக் கொண்டுவந்து, அப்ப இதை உள்ள வைங்க என்றார். வைத்தேன். அடுப்படிக்குப் போனவர் திரும்பி வந்தார், கையில் முதல் கைக்குட்டை, அந்த அடர் நீலம். "இதையும் வைங்க. முதல்ல வந்தது எதுன்னும் அவளுக்குத் தெரியட்டும்" என்றார். இரண்டும் உறைக்குள் இருக்கின்றன. என்னை நம்பாவிட்டால் அவற்றை நம்பு.

போர்வை இப்போது சித்தி கட்டிலில்தான் கிடக்கிறது, வெள்ளை போனதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, "அடுத்த துணி அனுப்பச் சொல்லுங்க. ஆனா என் வாளியில முங்காம என் கத்தரிக்கோல் அதைத் தொடாது, அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பீரோ மேல்தட்டில் வெள்ளைத் துணி இருந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று நேற்று என் ஸ்குரூ டப்பாவை வைக்கப் போனேன். எடுங்க அத, அது எம் புள்ள துணிக்கு என்று விரட்டிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், கையுறையை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணும்போது நகத்தைப் பற்றி மட்டும் கேட்காதே, இன்னும் போகவில்லை, கேட்டால் நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடும். உன் தொட்டித் தண்ணீர் தெளியட்டும், உன் நீலம் நிற்கட்டும் என்று மூன்று பேரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
பொய்யர் குலத் திலகம், புளுகுச் சக்கரவர்த்தி,
இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பதவியிலிருந்து விடுப்பில் இருக்கும்
உன் சித்தப்பா