அசையாதவர்களுக்கு விளக்கு எரியாது

ஜன. 12, திங்.
பிளானோ ஊர் முழுக்கப் பனிமூட்டம். டோல் ரோட்டில் ஊர்ந்தே போனேன். வாங்க வேண்டியது: இட்லி அரிசி, வெல்லம், நிலாவுக்குக் கையுறை (மறுபடியும்! எங்கேதான் தொலைக்கிறாளோ).

டைரக்டர் ராம்கி கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார். "வித்யா, குடுத்த வேலைய பிரமாதமா முடிக்கறீங்க. ஆனா ஸ்ட்ராட்டஜிக்கா யோசிக்கறதில்லீங்களே." வீட்டுப்பாடம்: எங்கள் டீமின் ஒவ்வொரு வேலையும் அடுத்த வருஷம் எங்கே இருக்க வேண்டும்? "ஆளுகள மறந்துருங்க. வேலைய மட்டும் பாருங்க."

சரி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

ஜன. 13, செவ்.
காலண்டரில் காலை முழுக்க 'யோசனை' என்று போட்டு வைத்தேன். மாடியில் யாருமில்லை, முக்கால்வாசிப் பேர் வீட்டிலிருந்து வேலை. ஜன்னல் இல்லாத நடுப்பகுதியில் என் இடம். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பட்டென்று விளக்கு அணைந்தது. ஆள் அசைந்தால்தான் எரியும். கையை ஆட்டினேன், வந்தது. யோசிக்கிறவளை ஆளாகவே மதிக்காத விளக்கு! சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரத்தில் மறு கோடியில் ஒரு விளக்கு எரிந்தது. ஜோசப்பின் இடம். எங்கள் டீம்தான், போன மாதம் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். காலி நாற்காலி.

ஜன. 14, புத.
குளிர். தொண்டை கரகர.

பிளான் முடிந்தது. டெஸ்டிங் சென்னைக்கு. ரிப்போர்ட் எல்லாம் மென்பொருளுக்கு. மிச்சம் பக்கத்து ஊர் ஆலனில் இருக்கும் ஆபீஸுக்கு. கணக்குப் பரீட்சையில் எல்லாம் சரியாக வந்தால் வருமே, அதே குஷி. கெடுவுக்கு முன்பே அனுப்பினேன். ராம்கி: "அருமைங்க! இதத்தான் எதிர்பார்த்தேன்."

ஜோசப் இடத்தில் இன்றும் விளக்கு. பராமரிப்பு ஆளைக் கேட்டேன். சென்சார் சரியாகத்தான் இருக்கிறதாம்.

ஜன. 15, வியா.
பொங்கல். குக்கரில்தான். வீட்டுக்காரர் பாலா, "பொங்கலோ பொங்கல்னு விசிலுக்கா சொல்றது?"

ஆபீஸில் டீ எடுக்கும்போது பக்கத்து டீம் லதா. அசையாமல் இருந்து விளக்கு அணைந்த கதையைச் சொன்னேன். "ஜோசப்பும் இப்டித்தான்டி. போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அசையாம உக்காந்துனு இருப்பாரு. லைட்டு போவும், கைய ஆட்டுவாரு. ஏதோ பிளான் கேட்டாங்களாம்."

டீயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பிளானைத் திரும்பத் திறந்தேன். எல்லா வேலைக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன். இந்த மாடியில் ஒரு வேலைகூட மிச்சமில்லை. என் வேலையையும் நானே பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன். ஐயோ, எவ்வளவு அழகாக! கேள்வி வந்தால் பதில் எழுதத்தான் தெரியும் எனக்கு. கேட்கிறவருக்கு எதற்கு அந்தக் கேள்வி என்று யோசிக்கத் தெரியவில்லை. அதுதான் பாடமே.

வேலை போனால் அமெரிக்க விசாவும் போச்சு. பாலாவும் என் விசாவில்தான் இருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

சோபாவில் இருந்தபோது நிலா வந்து முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். "அம்மா, யூ ஆர் நாட் மூவிங்."

ஜன. 16, வெள்.
ராம்கியுடன் பதினொரு மணிக்கு மீட்டிங். அவர் வைத்தது. தலைப்பு இல்லை. இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும்: இந்தப் பிளான் யாருக்கு, எதற்கு?

சீக்கிரமே வந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதைப் போனில் எழுதுகிறேன். எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விளக்கு போய்விட்டது. கையை ஆட்டினேன். வரவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

மறு கோடியில், ஜோசப் இடத்தில், எரிந்தது.