அப்பா உட்கார்ந்தால் கிளம்பாத வண்டி

அன்பு மகள் ஷ்வேதாவுக்கு அம்மா எழுதுவது. மயூர் விஹாரில் நாங்கள் புகையோடும் இருமலோடும் சௌக்கியம், கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும். போனில் பேசலாம் என்றால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். எழுத்துக்கூட்டியாவது நீயே படி, மொழிபெயர்க்கிற ஆப்பிடம் கொடுக்காதே, போன தடவை அது உன் பெரியப்பாவைப் பெரிய சைஸ் அப்பா ஆக்கிவிட்டது.

விஷயம் இதுதான். தோட்டக்கார மாலி வேலையை விட்டுப் போனதும் மழையில் சொசைட்டி பார்க் முழுக்க முழங்கால் உயரம் புல். எதிர் பிளாக் பாட்டியா அங்கிள், வயிறு முதலில் வந்து அவர் பின்னால் வருவாரே, அவர் பார்க்கில் சிமெண்ட் போட்டு கார் பார்க்கிங் ஆக்கிவிடலாம் என்று ஆள் சேர்க்க ஆரம்பித்தார். அப்பாதான் இப்போது செகரட்டரி, விடுவாரா, சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீட்டிலிருந்து, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டியை வாங்கிவந்துவிட்டார். குட்டி டிராக்டர் மாதிரி, சிவப்பு. அந்த வீட்டு டிரைவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டியே கூடி நிற்க அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், டிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை. பேட்டரி என்றார் ஒருவர், காரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். பழைய பெட்ரோல் என்றார் இன்னொருவர், புதுசு ஊற்றினார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள், பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் அப்பா பயபக்தியோடு ஏறி உட்கார்ந்து திருப்புவார், வண்டி வாயே திறக்காது. பாட்டியா டீயை உறிஞ்சிக்கொண்டே, “அச்சா ஜி, பார்க்கிங்கில் முதல் இடம் இதற்கே கொடுத்துவிடலாம்” என்றார் இந்தியில். அப்பா முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் பாட்டியா, “ஹடோ ஜி, தள்ளுங்கள், நான் பார்க்கிறேன்” என்று ஏறினார். வண்டியே ஒரு அமுங்கு அமுங்கியது, சாவியைத் திருப்பினால் படபடவென்று கிளம்பிவிட்டது! எல்லோரும் கைதட்டினார்கள். அவர் இறங்க, அப்பா ஏற, மறுபடி மௌனம். அவர் ஏறினால் ஓடுகிறது, நான் ஏறினாலும் ஓடுகிறது, அப்பாவுக்கு மட்டும் மாட்டேன் என்கிறது. இது சதி என்றார் அப்பா. பாட்டியா சீட்டைத் தூக்கிப் பார்த்தார், அடியில் ஒரு ஸ்விட்ச். ஆள் பாரம் அழுத்தினால்தான் இன்ஜின் கிளம்பும், பாதுகாப்புக்காக வைத்திருக்கிறார்களாம். அவர் அப்போது சிரிக்கவில்லை ஷ்வேதா. “அய்யாசாமி ஜி, நீங்கள் உட்கார்ந்திருப்பதே வண்டிக்குத் தெரியவில்லையே, எப்போது இவ்வளவு இளைத்தீர்கள்?” என்று கேட்டார். ஸ்பிரிங் மோசம், நான் தினம் வாக்கிங் போகிறேன் என்றார் அப்பா. வாக்கிங் போனால் வாட்ச் முழங்கை வரைக்கும் ஏறுமா. பாட்டியா தன் காரை எடுத்துவந்து, கையைப் பிடித்து ஏற்றி, டாக்டரிடம் கூட்டிப்போனார். தைராய்டு தாறுமாறாக வேலை செய்கிறதாம், மாத்திரையில் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார், பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

பாட்டியா இப்போது தொப்பி வைத்துக்கொண்டு தினமும் காலையில் வண்டியில் சுற்றுகிறார், புல் வளரக்கூட நேரம் கொடுப்பதில்லை. பார்க்கிங் பேச்சை யார் எடுத்தாலும் சண்டைக்குப் போகிறார். அப்பாவோ யாரும் இல்லாத நேரம் பார்த்து நைசாகப் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வருவார். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது, நேற்று நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன், கீழே படபட சத்தம். பாட்டியா அமிர்தசரஸ் போயிருக்கிறாரே என்று எட்டிப்பார்த்தால் அப்பா! “உஷா, கெளம்பிருச்சு! எனக்குக் கெளம்பிருச்சு!” என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்துகிறார். எல்லா பால்கனியிலும் ஆள். நான் கரண்டியோடு நின்று அழுதேன், தோசை கருகிப்போயிற்று, இன்னும் இரண்டு வார்த்தேன், எல்லாவற்றையும் அவரே சாப்பிட்டார்.

நீ ஒன்றும் தெரியாத மாதிரியே பேசு. வெறும் காபியோடு ஆபீசுக்கு ஓடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ முருகன் துணையிருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
உஷாராணி அய்யாசாமி