வால் வைக்க மாட்டேன்

புனே
12.2.1974

அன்புள்ள நைனாவுக்கு, பூவராகவன் கும்பிட்டு எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

இங்கே கிளைடர் கிளப்பில் நான் தச்சு வேலை செய்து புதுப்பித்த பழைய கிளைடர் விமானம் ஞாயிற்றுக்கிழமை பறந்தது. ஓட்டியதும் நான்தான். அதற்கு மோட்டாரும் இல்லை, வாலும் இல்லை. "வாலில்லாத பட்டம் குத்திக்கினு வுழும், வூட்டுக்கு வந்து சேரு" என்று எழுதியிருந்தீர்கள். இதன் இறக்கை நுனிகள் பின்னால் சாய்ந்து லேசாக முறுக்கியிருக்கும். வாலின் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். நான்தான் பதற்றத்தில் ஓட்டும் பிடியை அதிகமாக இழுத்துவிட்டேன். அலையேறும் கட்டுமரம் போல மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டு, முள்வேலியில் போய் உட்கார்ந்தது. சிராய்ப்புதான். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், வேறொன்றுமில்லை.

வால் வைக்காவிட்டால் பிரித்து விறகாக்கிவிடுவேன் என்கிறார் கிளப் செயலாளர். வைக்க மாட்டேன் என்றேன். வேலியில் கிழிந்த இறக்கைத் துணியை இன்று ஒட்டத் தொடங்கிவிட்டேன். அது நேராகப் பறந்த பிறகுதான் கடப்பாக்கம் வருவேன்.

அம்மாவிடம் நெத்திலிக் கருவாடு அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப் பேப்பரில் சுற்றட்டும். பழைய பேப்பரானாலும் பரவாயில்லை, படிக்கத்தான்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். என்மேல் கோபப்படாதீர்கள். பாய்மரத்தை விட்டு மோட்டார் படகு வாங்கச் சொல்லி வந்த மீன்துறை அதிகாரியிடம் நீங்கள் சொன்னதைத்தான் நானும் செயலாளரிடம் சொன்னேன்: "இன்னாத்துக்கு? காத்து கீது, போதும்." அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார்.

உங்கள் மகன்தான்,
பூவராகவன்