காகிதப்பூ வேலியில் நண்டு வலை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

புது வீடுகளுக்கெல்லாம் ஒரே மாதிரி பூவேலி இருக்க வேண்டுமாம். வீட்டுத் திட்ட அதிகாரி எங்கள் வாசலிலும் காகிதப்பூவை நட்டுவிட்டுப் போனார். வலை காயப்போட எங்களுக்கு இருந்த இடமே அதுதான். இன்று என் வீட்டுக்காரர் பழக்கத்தில் நண்டு வலையை அங்கேயே விரித்துவிட்டார். முள்ளில் மாட்டி, இழுக்க இழுக்கக் கிழிந்தது.

நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த அதிகாரியே வந்தார். இந்தக் கோலத்தைப் பார்த்தால் வேலியை எடுத்துவிடச் சொல்வார் என்று நம்பினேன்.

"அப்படியே நில்லுங்க, பூவும் வலையும் சூப்பரா இருக்குது" என்று செல்போனை நீட்டினார்.

"இன்னா சார், நாளைக்கு ஏரிக்கு இன்னாத்த எடுத்துனு போறது?" என்றார் இவர்.

"கொஞ்சம் சிரிங்க."

இவர் சிரித்தும் தொலைத்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.