டவுனோடு நின்ற வகுப்பு

நவம்பர் 12, செவ்வாய்

நாற்பது ஆண்டு தேயிலைக் கொழுந்தெடுத்த என் தோழி பாப்பாத்தி, தோட்டத் தொழிலாளர் லயத்துக் குளியலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இனி நடக்கமாட்டாள் என்று ஈப்போ மருத்துவமனையில் மருத்துவர் என்னிடம் மட்டும் சொன்னார்.

முதியோர் விழாமலிருக்கச் சொல்லித்தரும் வகுப்பு டவுனில் மட்டுமே நடக்கிறது. தோட்டத்துக்கும் வரும்படி சென்ற மாதம் கேட்டேன். வகுப்பு நடத்தும் தாதி சிரித்தாள்.

"மலை ஏறுன காலு லா டீச்சர், அவங்க எங்க விழப்போறாங்க?"

படித்தவள் நான், அதை நியாயமென்று ஒப்புக்கொண்டு வந்தேன்.

இன்று பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிச்சதும் அந்தக் கிளாசுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க டீச்சர். காரு பிடிச்சாவது போலாம்."

அழைத்துப்போகிறேன் என்றேன். அவள் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.