எட்டாம் நம்பர் ஷூ

எழுத நினைத்தவை:
1. ஷூவின் எடை
2. அடிப்பாகத்தின் மென்மை
3. உங்கள் வயது

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை உங்கள் மனைவி நீங்கள் ஓடிய ஷூவைத் துணிப்பையில் கொண்டுவந்தார். "நீங்கதான சார் எடுத்துக் குடுத்தீங்க. அவரே போயிட்டாரு, யாருக்காவது ஆவட்டும்" என்றார். பையைத் திறந்ததும் ரப்பர் வாசனை. அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான்கு வரி எழுதுகிறேன், வாசல்வரை போகிறேன், திரும்பி வருகிறேன்.

எடை பற்றி நான் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். அது நாம் இருவரும் ஓய்வு பெற்ற வருடம். குவார்ட்டர்ஸ் சாலையில் நீங்கள் கனத்த கான்வாஸ் ஷூவில் ஓடுவீர்கள். நான் கடிகாரத்தோடு சைக்கிளில் பின்தொடர்வேன். "ஓடற எனக்கு மூச்சு வாங்கல, மெதிக்கிற உங்களுக்கு வாங்குது பாருங்க" என்பீர்கள். சமையலறைத் தராசில் ஷூவை நிறுத்துக் காட்டினேன். "மைன்ஸ்ல பூட்ஸ் போட்டுக்கினே மேடு ஏறினவன் சார் நானு. இது ஒரு கனமா?" என்று சிரித்தீர்கள். கடைசி மைல்களில் கால் அந்தக் கனத்தை உணரும் என்றேன். தலையாட்டினீர்கள்.

கடலூர்க் கடையில் மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட, எடை குறைந்த ஜோடியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் அளவு கேட்டார். "எட்டுங்க. மைன்ஸ்ல முப்பது வருசமா எட்டுதான்." நோட்டில் எட்டு என்று குறித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அளக்கும் நான் உங்கள் காலை மட்டும் அளக்கவில்லை.

சென்னை அரை மராத்தானில் பதினைந்தாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டீர்கள். "கெண்டக்கால் ரெண்டும் கல்லாட்டம் ஆயிடுச்சி சார்." அவ்வளவு மென்மை உங்களுக்கு ஒத்துவரவில்லையோ என்று தோன்றியது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவன் நான். சொல்லத் துணிவில்லை. "வயசுங்க, வேறொண்ணுமில்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள். "நீங்க படிச்சவரு. சரியாத்தான் இருக்கும்." அதன்பிறகு நீங்கள் ஓடவேயில்லை. காலையில் நான் வந்து மணியடித்தால், "காப்பி சாப்ட்டுப் போங்க சார்" என்பதோடு சரி.

இன்று ஷூவின் உள்ளட்டையை உருவிப் பார்த்தேன். விரல்கள் பதிந்த பள்ளங்கள், நுனிக்கு இரண்டு விரல் அகலம் முன்பாகவே நின்றிருந்தன. உங்கள் மனைவியிடம் ஓடினேன்.

"அவரு செருப்பு என்ன நம்பர்மா?"

"ஏழு சார். பூட்ஸ்தான் எட்டு. உள்ள ரெண்டு சாக்ஸ் போட்டுக்கினு போவாரே, அதுக்கு."

ஒரு அளவு பெரிய ஷூவுக்குள் கால் வழுக்காமலிருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களை மடக்கிப் பிடித்திருக்கிறீர்கள். பதினைந்து கிலோமீட்டர். கெண்டைக்கால் கல்லாகாமல் என்ன செய்யும்?

இரண்டாவதான மென்மையைப் பற்றி இன்னும் எனக்குத் தெளிவில்லை. அன்று நீங்கள் என்னைப் பார்த்த பார்வை மட்டும் போகமாட்டேன் என்கிறது. மூன்றாவது, வயது என்று நான் சொன்னது தவறு. நீங்கள் ஓட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.