கொள்ளைக்காரன் என்றொரு குடும்பப் பெயர்

ஹம்பேர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவையும் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் சுகம். முதியோர் இல்லத்தில் தாதிப் பயிற்சி ஒழுங்காகப் போகிறது.

இங்கே உங்கள் பெயர்தான் என் குடும்பப் பெயர். எல்லோரும் என்னை ஆனந்தராசா என்றே கூப்பிடுகிறார்கள். நான் பராமரிக்கும் ஒரு முதியவரின் குடும்பப் பெயர் றொய்பர். ஜேர்மன் மொழியில் அதற்குக் கொள்ளைக்காரன் என்று பொருள். எந்தப் பாட்டன் எதைக் கொள்ளையடித்தானோ என்று தானே சிரிப்பார்.

போன கிழமை ஒரு பாட்டியின் மோதிரம் காணாமல் போனது. பொறுப்பாளர் என்னை மட்டும் கூப்பிட்டு, சட்டைப் பைகளைக் காட்டச் சொன்னார். உடனே றொய்பர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தன் பைகளை வெளியே இழுத்துவிட்டார்.

"முதல் என்னைச் சோதியுங்கோ. பள்ளிக்கூடத்தில பென்சில் துலைஞ்சாலும் என்ரை பையைத்தான் பாத்தவை. எனக்குப் பழகிப்போச்சு. இந்தப் பிள்ளையையும் இதுக்குப் பழக்காதேங்கோ" என்றார்.

பின்னேரம் மோதிரம் சலவைத் துணிக்குள் கிடந்தது. பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான், யோசிக்க வேண்டாம்.

ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லீவு நாளிலும் ரயிலேறிக் கடைசி நிலையம்வரை சும்மா போய்த் திரும்புகிறேன். இதையும் ரயில் மேடையில் இருந்துதான் எழுதுகிறேன்.

ஊருக்கு வந்திருக்கும் சுபானி அக்கா இங்கே திரும்பும்போது மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போட வெள்ளைச் சட்டை இரண்டும் தைப்பித்து அனுப்புங்கள். பை வைக்க வேண்டாம் என்று தையல்காரரிடம் சொல்லுங்கள்.

ரயில் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஆதிரை